இரவல் வீட்டில் பெண் பார்த்தது

உமாமகேஸ்வரியிடம் வீடு எங்கே என்று யார் கேட்டாலும் சயான் என்றுதான் சொல்லுவாள். அது முழுப் பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. பம்பாய்த் தாராவியில் பிறந்து, படித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆபீசுக்குப் போகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சொல்லுகிற பதில்தான். நடந்தால் சயான் ஸ்டேஷன் வந்துவிடுகிறது, அப்புறம் சயான் என்று சொன்னால் என்ன குற்றம் என்பார்கள். கேட்கிறவர்களும் மேற்கொண்டு தோண்டுவதில்லை. அடுத்தவன் வீட்டைத் தோண்டுவதற்கு இந்த ஊரில் யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆனால் உமா இதை ஒரு வேலையாகவே செய்துவந்தாள். அவளுடைய இன்சூரன்ஸ் ஆபீஸ் பி.கே.சி.யில், பாந்த்ரா பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில், இருந்தது. தாராவியிலிருந்து நடந்து போகிற தூரம். மகராசி ஒரு நாளாவது நடந்து போனாளா என்றால் இல்லை. எதிர்த் திசையில் சயான் வரைக்கும் போய், அங்கே நாலு பேரோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, சுற்றிக்கொண்டு வந்து இறங்குவாள். தாராவிப் பக்கமிருந்து வருவதை ஆபீசில் யாரும் பார்த்துவிடக் கூடாது. வீட்டுக்குக் கீழே மாமா நயினாரின் பெல்ட் பட்டறை. தோல் வாடையும் பசை வாடையும் தலைமுடியில் ஏறியிருக்கும் என்ற பயத்தில் ஆபீஸ் வாசலில் நின்று ஒரு தடவை சென்ட் அடித்துக்கொள்வாள். அம்மா என்ன செய்கிறாள் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்டால், வீட்டில்தான் இருக்கிறாள் என்பாள். அதுவும் பொய்யில்லை பாருங்கள். வீட்டில்தான் இருந்தாள். யார் வீட்டில் என்று அவர்கள் கேட்கவில்லை.

அம்மா தங்கமயில் மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்துவந்தாள். புருஷன் இசக்கிமுத்து தோல் கிடங்கில் மூட்டை தூக்கியவன். உமா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு தங்கமயில் காலையில் கிளம்பினால் மூன்று வீடு முடித்துவிட்டுத்தான் திரும்புவாள். அதில் முக்கியமான வீடு வெங்கி சார் வீடு. ரிட்டயரான பேங்க் ஆபீசர். அவரும் மாமியும் வருஷத்தில் பாதி நாள் பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பார்கள். அப்போதெல்லாம் வீட்டுச் சாவி தங்கமயிலின் இடுப்பில்தான் இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், தரை துடைப்பாள், ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு மூடுவாள். நல்ல மனுஷர்கள்தான். உமாவின் காலேஜ் ஃபீஸுக்குக்கூட உதவியிருக்கிறார்கள். உமாவுக்கு அந்த உதவியை நினைத்தாலே உடம்பு கூசும்.

இந்த உமாவுக்குத்தான் ராஜசேகர் மேல் ஆசை வந்தது. ஒரே ஆபீஸ். அவனுடைய அப்பாவுக்கு கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் பாத்திரக் கடை, செம்பூரில் சொந்த ஃபிளாட், வாசலில் கார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். உமா வீட்டுக்கும் அதே பக்கம், அதே ஆட்கள். ஊரில் வைத்துப் பார்த்தால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ரயிலேறி வந்த இடத்தில் ஒருத்தர் கடை போட்டார், ஒருத்தர் மூட்டை தூக்கினார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவு எத்தனை பெரியது என்று செம்பூர்க்காரர்களுக்கும் தெரியும், தாராவிக்காரர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டு வருஷமாக அவனும் அவளும் சேர்ந்துதான் மத்தியானம் சாப்பிட்டார்கள். தங்கமயில் கட்டிக் கொடுக்கிற டப்பாவை உமா திறப்பாள், ராஜசேகர் காலி செய்வான். புளிக்குழம்பும் கருவாட்டுப் பொரியலும் என்றால் அன்றைக்கு அவன் பேசவே மாட்டான். ஒரு நாள் ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே அவனிடம் உண்மையைச் சொன்னாள். தாராவி, பட்டறை மாடி, இரும்பு ஏணி, அம்மாவின் வேலை, எல்லாம். அவன் சிரித்தான். "இவ்வளவுதானா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்" என்றான். அவளுக்கு உயிர் வந்தது. எழுந்து நடக்கும்போது, தன் வீட்டில் மட்டும் சயான் என்றே இருக்கட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அதையும் அவள் அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு தீபாவளிக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் தங்கமயிலை நேரில் பார்த்து நின்று பேசவும் செய்தான். குழம்பு பிரமாதம் என்று சொன்னான். தங்கமயில் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது. பெண் பார்க்க வருகிறோம் என்று செம்பூரிலிருந்து சொன்னபோதுதான் எந்த வீட்டுக்கு வரச் சொல்வது என்ற கேள்வி வந்தது.

தாராவியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய இடத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், சொந்தத்தில் யாருக்காவது சயானிலோ கோபர்கைரனேயிலோ ஃபிளாட் இருக்கும், அங்கே வரச் சொல்லிவிடுவார்கள். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு என்று ஒரு காரணம் இருக்கும். வருகிறவர்களுக்கும் சமயத்தில் விஷயம் தெரியும்; தெரியாத மாதிரி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். உமாவுக்கு அப்படி ஒரு சொந்தம் இல்லை. மாமா நயினாரும் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தார். கோயிலில் வைத்துப் பார்க்கட்டுமே என்று தங்கமயில் சொன்னாள். ராஜசேகரின் அம்மா செல்வக்கனி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிக்காமல் என்ன பெண் பார்ப்பது என்று போனில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் உமாவின் கண் அம்மாவின் இடுப்புச் சாவி மேல் போனது. வெங்கி சாரும் மாமியும் பெங்களூரில் இருந்தார்கள்.

தங்கமயில் முதலில் முடியவே முடியாது என்றாள். அது அவர்கள் வீடு, நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். சரி, போன் பண்ணிக் கேட்டுவிட்டாவது செய்வோம் என்றாள். கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று உமா குதித்தாள். அழுதாள், சாப்பிடாமல் படுத்தாள், கடைசியில் பெற்றவளிடம் எந்தப் பிள்ளையும் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னாள்.

"நீ வேற ஏதாச்சும் வேல பாத்திருந்தேன்னா எனக்கு இந்தக் கதி வந்திருக்காதும்மா."

தங்கமயில் பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஏணியில் பாதி இறங்கி நின்று, ஞாயிற்றுக்கிழமை அவர்களை வரச் சொல்லு என்று மட்டும் சொன்னாள். மாட்டுங்காவில் பழைய பில்டிங், வாடகைக்கு இப்போதுதான் மாறியிருக்கிறார்கள் என்று ராஜசேகர் தன் வீட்டில் சொல்லிவைத்தான். கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பம்பாயில் பாதி விஷயம் இந்தப் பார்த்துக்கொள்ளலாமில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மாவும் மகளும் வெங்கி சார் வீட்டுக்குள் போனார்கள். தன் செருப்பை மாடிப்படி ஓரமாகக் கழற்றிப் போட்டாள் தங்கமயில். அதை எடுத்து உள்ளே செருப்பு ஸ்டாண்டில் வைத்தாள் உமா. வெங்கி சாரும் மாமியும் மாலையும் கழுத்துமாக நிற்கிற கல்யாண போட்டோ, பேரன் போட்டோ, வெங்கி சாருக்கு பேங்கில் கொடுத்த கேடயம், எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பரண் மேல் ஏற்றினார்கள். சுவரில் ஆணி மட்டும் நின்றது. அதில் ஒரு காலண்டரை மாட்டினாள் உமா. ஒன்றையும் விடவில்லை. திருட வந்தவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ய மாட்டார்கள்.

பிறகு அம்மாவை சோபாவில் உட்காரச் சொன்னாள். தங்கமயில் அந்த சோபாவைப் பல வருஷமாகத் தட்டித் துடைத்தவள், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்காரு, வீட்டுக்காரி மாதிரி இரு என்றாள் உமா.

"வீட்டுக்காரி எப்படிட்டி இருப்பா?" என்று நிஜமாகவே கேட்டாள் தங்கமயில்.

மாமி மாதிரி இரு என்றதும் தங்கமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி கொட்டாவி விடுவதைப் போல ஒரு தடவை செய்து காட்டினாள். உமாவும் சிரித்தாள். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உமா எடுத்துக் கொடுத்த புதுப் பட்டுப்புடவை கட்டில் மேல் மடித்தபடி இருந்தது. எண்ணெய் தெறித்துவிடும், பஜ்ஜி முடித்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்று தங்கமயில் பழைய பருத்திப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். மாமா நயினார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அவருடைய மனைவி ஜான்சி பட்டும் சங்கிலியுமாக வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ரோடு காலியாக இருந்ததோ என்னவோ, செம்பூர்க் கார் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்து நின்றுவிட்டது.

பெல் அடித்ததும் தங்கமயில்தான் ஓடிப்போய்த் திறந்தாள். அந்த வீட்டில் பெல் அடித்தால் திறக்கிறவள் அவள்தானே, கால் தானாகப் போய்விட்டது. வாசலில் செல்வக்கனி, பின்னால் அவள் புருஷன், அதற்குப் பின்னால் ராஜசேகர். செல்வக்கனி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். தூக்கிச் செருகிய புடவை, முழங்கைவரை கடலைமாவு. ஈரக் குடையையும் பழப்பையையும் அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். தங்கமயிலும் வாங்கிக்கொண்டாள். குடையைக் கொண்டுபோய் பாத்ரூமில் விரித்து வைத்தாள். ஜான்சி எதிரே வந்து வாங்க வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. அம்மா இப்போது புடவை மாற்றிக்கொண்டு வருவாள், இவங்கதான் அம்மா என்று சொன்னால் சமையல் வேலையாக இருந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று ஹால் ஓரத்தில் நின்ற உமா நினைத்தாள். தங்கமயிலும் ஹாலைத் தாண்டிப் படுக்கையறைப் பக்கம் போகத்தான் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துத் திறந்திருந்த கதவில் எதிர் ஃபிளாட் கேஷவ் வந்து நின்றார். வயசானவர், பனியனும் லுங்கியுமாக. விருந்தாளிகளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தங்கமயிலைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்: எங்கள் வீட்டு வேலைக்கார பாயி ஊருக்குப் போய்விட்டாள், நாளையிலிருந்து எங்கள் பாத்திரத்தையும் கழுவித் தருகிறாயா தங்கம்? சரி சாப் என்றாள் தங்கமயில். அவர் போய்விட்டார். பாவம், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

 செல்வக்கனி அம்பது வருஷமாக இந்த ஊரில் இருப்பவள், ஹிந்தி புரியாமல் இல்லை. தன் பக்கத்தில் பட்டுப்புடவையில் இருந்த ஜான்சியைப் பார்த்துச் சிரித்து, "அப்ப பொண்ணோட அம்மா நீங்கதானா? நான் யாரு என்னன்னு கேக்கவே இல்ல பாருங்க" என்றாள்.

ஜான்சி நயினாரைப் பார்த்தாள். நயினார் உமாவைப் பார்த்தார். தங்கமயில் உமாவைப் பார்த்தாள். நீ சொல்லு என்றும் அந்தப் பார்வையில் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். வேலைக்காரிதான் அம்மா என்று சொன்னால் இந்த வீடு போச்சு. வீடு வேண்டும் என்றால் அம்மா போச்சு. இரண்டில் ஒன்றை உமா சொல்ல வேண்டும். உமா தரையைப் பார்த்தாள். மொசைக் தரை, காலையில்தான் அம்மா துடைத்திருந்தாள்.

"ஆமாங்கம்மா. அவியதான் அம்மா" என்று தங்கமயில் ஜான்சியைக் காட்டிச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சும்மா சொல்லக் கூடாது, பெண் பார்க்கும் சடங்கு நன்றாகவே நடந்தது. உமா காபி கொண்டுவந்தாள். செல்வக்கனிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அவள் புருஷனுக்கு பஜ்ஜி பிடித்திருந்தது. தங்கமயில் சூடாகப் போட்டுப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள், காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே பிடித்தீர்கள் இவளை, செம்பூரில் இப்படிக் கைப்பக்குவமாக ஒருத்தி கிடைக்க மாட்டேன் என்கிறாளே என்று ஜான்சியிடம் கேட்டாள் செல்வக்கனி. ரொம்ப நாளாக இருக்கிறாள் என்று ஜான்சி சொன்னாள்.  நயினார் போன் வந்த மாதிரி எழுந்து பால்கனிக்குப் போனவர், அவர்கள் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.

ராஜசேகர் என்ன செய்தான்? பூக்கடையில் நின்று பேசியவன். இரண்டு வருஷம் தங்கமயிலின் கைச் சோற்றைத் தின்றவன். தங்கமயில் தட்டை நீட்டியபோது இரண்டு பஜ்ஜி எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல், "தேங்க்ஸ்" என்றான்.

இன்னும் காபி கொண்டுவருகிறேன் என்று உமா அடுப்படிக்குள் போனாள். தங்கமயில் பாத்திரம் கழுவும் இடத்தில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் கப்பும் சாசரும் வரிசையாக இருந்தன. அவள் கையில் இருந்தது அது இல்லை. ஜன்னல் திட்டில் எப்போதும் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். அந்த வீட்டில் அவளுக்கென்று வைத்தது. யாரும் அவளை அதில் குடிக்கச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் சொல்வதற்கு யார் இருந்தார்கள்?

உமாவுக்கு முதலில் வந்தது எது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். நிம்மதி. அம்மா இவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறாள், எட்டிப் பார்த்தாலும் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது என்கிற நிம்மதி. அது வந்த வேகத்திலேயே தன்னைப் பற்றி என்ன வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. காது மடல் வரைக்கும் சுட்டது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போய், இது எங்கம்மா என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஹால் அங்கேதான் இருந்தது, கதவுகூட இல்லை, ஒரு திரைதான்.

"கப்புல குடிக்கக் கூடாதாம்மா?" என்று கிசுகிசுத்தாள்.

"எனக்கு இதுலதான் எறங்கும். நீ போ, அவிய காத்திருக்காவ" என்றாள் தங்கமயில்.

உமா போனாள். தட்டை எடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனாள்.

கிளம்பும்போது செல்வக்கனி பாத்ரூமிலிருந்து குடையை எடுத்துவந்து கொடுத்த தங்கமயிலிடம் நின்று பேசினாள். கெட்ட மனுஷி இல்லை அவள். கல்யாணத்துக்கு நீயும் வரணும், உனக்கும் ஒரு சேலை எடுத்துத் தருவேன் என்றாள். சரிங்கம்மா என்றாள் தங்கமயில். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பெற்றவளுக்குச் சேலை எடுப்பது நம் ஆட்களில் வழக்கம்தான். அந்த வழக்கம் இப்படி நிறைவேறியதைப் பார்த்துக்கொண்டு உமா கதவோரம் நின்றாள்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. எல்லாருக்கும் சம்மதம், நாள் பார்க்கலாம். தங்கமயில் பரணிலிருந்து போட்டோக்களை இறக்கித் துடைத்து மாட்டினாள். காலண்டரைக் கழற்றினாள். பிறகு பெங்களூருக்கு போன் பண்ணி நடந்ததை மாமியிடம் தானே சொல்லிவிட்டாள். மாமி திட்டவில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பேனே தங்கம் என்றாளாம். அதற்குப் பிறகு சாவியை கேஷவ் வீட்டில் கொடுத்துவைக்கச் சொன்னாளாம்.

மறுநாள் ஆபீசில் மத்தியானம் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு உமா கேட்டாள்.

"அது அம்மான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றான் ராஜசேகர்.

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். "நீயே சொல்லலயே உமா. நான் எப்படிச் சொல்லுவேன்?"

  அவன் பேசிக்கொண்டே போனான். கோபமாக இல்லை, ஒரு கஷ்டத்துக்கு வழி சொல்லுகிற மாதிரி. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மேடையில் ஜான்சி அத்தையையே அம்மாவாக நிற்கவைத்துவிடலாம், ஒரு நாள் கூத்துதானே, அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தான். அன்றைக்கும் தங்கமயில் புளிக்குழம்பும் கருவாட்டுப் பொரியலும்தான் வைத்திருந்தாள், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று. அவன் பிசைந்து சாப்பிட்டான். உமாவுக்கு அவன்மேல் கோபம் வந்தது. கோபப்படத் தனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பதும் கூடவே வந்தது. இனிமேல் வாழ்நாள் பூராவும் இவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை இவன் பார்த்திருக்கிறான் என்பது ஞாபகம் வரும். அவனுக்கும் அப்படித்தான் வரும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வாரக் கடைசியில் யாரிடமும் சொல்லாமல் உமா செம்பூருக்குப் போனாள். ராஜசேகரும் அப்பாவும் கடையில் இருந்தார்கள். செல்வக்கனி வாம்மா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நின்றபடியே சொல்ல வேண்டும் என்று உமா பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சொன்னாள்.

"ஆன்ட்டி, அது எங்க வீடு இல்ல. நாங்க தாராவி. அன்னைக்கு ஒங்களுக்கு பஜ்ஜி போட்டுக் குடுத்தவங்கதான் எங்கம்மா."

செல்வக்கனி முதலில் தாராவியா என்றாள். தாராவியில் எங்கே என்று கேட்டாள். பட்டறையைப் பற்றிக் கேட்டாள், அப்பாவைப் பற்றிக் கேட்டாள். அவள் கை உமாவின் கையிலிருந்து எப்போது விலகியது என்று உமாவுக்குத் தெரியவில்லை.   செல்வக்கனியின் குரல் உயரவில்லை.

"தாராவின்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். யோசிச்சு வேண்டாம்னுகூடச் சொல்லியிருப்பேன், அத மறைக்கல. ஆனா இப்ப நான் யோசிக்கவே வேண்டியதில்ல பாரு. பெத்தவ எச்சித் தட்ட எடுக்கிறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியேம்மா. ஒன்ன எப்படி நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன்?"

செல்வக்கனிக்கு அது எவ்வளவு சௌகரியமாகப் போய்விட்டது என்று உமாவுக்குத் தெரியாமல் இல்லை. தாராவிப் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல இதைவிடக் கௌரவமான காரணம் அவளுக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. உங்கள் மகனும்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் தெரியும் என்கிற பேச்சு உமாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தன் வெட்கத்தில் பாதியை அவன் தலையில் இறக்கிவைத்துவிடலாம். அப்படி இறக்கிவைப்பதற்கும் வெட்கமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு படி இறங்கினாள்.

சயானில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது தங்கமயில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உமா ஏணியேறி வந்து அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். செம்பூருக்குப் போனது, சொன்னது, அவர்கள் வேண்டாம் என்றது. கல்யாணம் நின்றுபோனது உன்னால் இல்லை, என்னால்தான் என்று சொன்னாள். அம்மா அழுவாள் என்று நினைத்தாள். இல்லை, இந்த வாரம் முழுக்க மனசுக்குள் வைத்திருந்த கோபத்தில் ஒரு வார்த்தையாவது சொல்லுவாள், அதை வாங்கிக்கொண்டால் தனக்குக் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தாள்.

தங்கமயிலுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உமா எதிர்பார்த்த கோபம் இல்லை.

"ஒன்ன யாருட்டி போய்ச் சொல்லச் சொன்னா?" என்றாள். "ஜான்சி அம்மாவா நின்னா நிக்கட்டும்னுதான நான் இருந்தேன். கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவ நம்ம சந்துல இருந்துதான் பொம்பளைய போறாவ. எந்த மண்டபம்னு தெரிஞ்சதும் சொல்லுதேன், என்னையும் சேத்துக்கோன்னு ஆள் எடுக்கிறவன்ட்ட சொல்லி வச்சிட்டேன். பொறவாசல்ல நின்னு பாத்தாலும் ஒனக்குத் தாலி ஏறுறது தெரியும்லா?"

உமா அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொள்ளப் போனாள். வைக்க முடியவில்லை. எதிரேயே உட்கார்ந்திருந்தாள். தங்கமயில் மீதி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.